கண்ணாடித் தகட்டிலிருந்து காரியாலயக் கதிரைக்கு

ரத்தம் பார்க்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: கண்ணாடித் தகட்டில் இருப்பவர் திரும்பக் கதைக்கமாட்டார். கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த வசதியை நன்றாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என்னை எடுத்து நிர்வாகத்தில் போட்டார்கள். கையால் செய்த வேலையை விட்டுவிட்டு, மற்றவர்களைச் செய்யவைக்கும் வேலைக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும்.

கண்

எங்கள் பரிசோதனை அறையில் மின்சாரம் கிடையாது. யன்னலோரம் நுணுக்குக்காட்டியை வைத்து, வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். மாரி முடிந்ததும் நாவிதன்வெளி வயற்காரர்கள் குளிர்காய்ச்சலோடு வண்டி கட்டி வருவார்கள். காலையிலிருந்து பின்னேரம்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு கிருமி இரண்டாகத் தெரியத் தொடங்கியது. இதை மறைத்தால் யாருக்காவது இல்லாத வருத்தத்துக்கு மருந்து போகும் என்று பயந்து, நானே பெரிய டொக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். காரியாலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப்போய், அந்தக் கதிரை சும்மா கிடந்த நேரம் அது. "கண் பழுதான ஆளுக்கு இந்த ஆஸ்பத்திரியில ஒரு வேலைதான் இருக்கு, ஐசே" என்றார். "மேற்பார்வை."

விரல்

புது அறையில் உட்கார்ந்த கிழமையே, எனக்குப் பழக்கமான ஒரு வயற்காரர் வந்தார். காய்ச்சல் வரும்போதெல்லாம் என்னிடம் விரல் குத்திக்கொள்பவர்; அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். மேசைக்கு முன்னால் நின்று, வழக்கம்போல் விரலை நீட்டினார். "இப்ப நான் அது பாக்கிறதில்ல காக்கா. புதுத் தம்பி ஒருத்தர் வந்திருக்கார், அங்க போங்க" என்றேன். அவர் மேசையைப் பார்த்தார், கடதாசிக் கட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "என்ன பிழை செஞ்சீங்க தம்பி, எழுத்து வேலையில கொண்டுவந்து விட்டுட்டாங்க?"

பார்க்கும் நேரம்

நோயாளியைப் பார்க்க ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது என்பது என் முதல் சட்டம். சட்டம் போட்ட அன்று பின்னேரமே பாலமுனையிலிருந்து மாட்டு வண்டில்கள் இரண்டு வந்து நின்றன. இஸ்மாயில் என்ற மீன்பிடிகாரரின் மனைவி பாத்தும்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. உம்மா, மாமி, ராத்தாமார், மச்சான்மார் என்று வாசல் நிறைந்துவிட்டது. நான் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

வண்டிலிலிருந்து கடைசியாக இறங்கிய மச்சான் ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னார்: "எல்லாரையும் ஒருக்காப் பாக்க விடுங்க தம்பி. பாக்காமப் போனமெண்டா, புள்ள மௌத்தாப் போச்சு, செத்தத ஆஸ்பத்திரியால ஒளிக்காங்க எண்டு ஊர் சொல்லும். நாளைக்கு நாலு வண்டில் வரும்."

துலாக் கயிறு

அதே பாத்தும்மா வீட்டுக்குப் போகும் முன்னரே காய்ச்சலில் விழுந்தாள். புதுப் பரிசோதகர் அது நெருப்புக் காய்ச்சல், டைபொயிட் என்றார். கால் வெட்டுப்பட்டு வந்த ஒருவருக்கும், பக்கத்து வாட்டில் இன்னொருவருக்கும் அதே காய்ச்சல். மூன்று பேரும் காய்ச்சலில்லாமல் உள்ளே வந்தவர்கள். மூன்று பேரும் குடித்தது ஆஸ்பத்திரிச் சமையலுக்கு அள்ளும் குசினிக் கிணற்றுத் தண்ணீர். போன மழையில் கக்கூஸ் பக்கத்து வெள்ளம் அந்தக் கிணற்றடிவரை வந்ததை என் கண்ணால் கண்டிருந்தேன்.

தண்ணீர் ஒரு போத்தலில் கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போனது. அதுவரைக்கும் கிணற்றை மூடுவோம் என்றேன். "நீர் அந்த அறையில இருக்கேக்க, முடிவு கையில வராமல் வாய் திறக்கமாட்டீர். இப்ப என்ன அவசரம்?" என்று டொக்டர் கேட்டார். பாத்தும்மாவின் வாட்டுக்குப் போனேன். அவள் கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியவில்லை. குழந்தை பக்கத்துக் கட்டில்காரியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. இஸ்மாயில் சுவரோடு நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தண்ணீர் அள்ளும் துலாவின் கயிற்றை அறுத்து, கிணற்று வாயில் பலகை அடிப்பித்தேன்.

அந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் அதுதான். வேலிக்கு அப்பாலிருந்த வீடுகளும் அதில்தான் அள்ளின. பீப்பாயில் தூரத்துத் தண்ணீர் வண்டிலில் வரத் தொடங்கியது. வந்ததில் பாதி வழியிலேயே சிந்தியது. மூன்றாம் நாள் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர் என்னைத் தேடி வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. எழும்பும்போது சொன்னார்: "இந்தக் கிணத்த வெட்டினது ஆரெண்டு ஊருக்கு மறந்து போச்சு மகன். மூடினது ஆரெண்டு மறக்காது."

உடைந்த போத்தல்

கொழும்பிலிருந்து பதில் வந்தபோது பாத்தும்மா கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தாள். மற்ற இருவரும் எழும்பி நடந்தார்கள். புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. போத்தல் ரயிலில் உடைந்துவிட்டது, வேறு அனுப்பவும் என்பதுதான் பதில். அதற்குள் கிணற்றை இறைத்து, சேறு வாரி, மருந்துத் தூளும் போட்டாயிற்று. இனி எந்தப் போத்தலில் அனுப்பினாலும் பழைய தண்ணீர் போகாது. நான் மூடியது சரியா, சும்மா ஊரை அலைக்கழித்தேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பாத்தும்மா முடியெல்லாம் கொட்டி, முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு வண்டிலில் ஏறினாள். இஸ்மாயில் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அன்றைக்கே பலகையைக் கழற்றினோம். குசினிக்காரர் சாமுவேல் அண்ணன், மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுப் பாடுகிற பெரிய குரல்காரர், புதுக் கயிற்றில் முதல் வாளியை அள்ளினார். என்னை ஒரு மிடறு குடிக்க வைத்துவிட்டு, அந்தக் குரலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "கிணறு கெட்டதோ இல்லையோ, அது ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனா இனி இந்த ஊரில ஆருக்கு வயித்தால போனாலும், உங்களிட்டத்தான் வந்து கேப்பாங்க சேர்."

பரிசோதனை அறையில் தெரிந்ததை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். நிர்வாகத்துக்கு வந்தபிறகு, தெரியாததற்குக் கையெழுத்து வைத்துத்தான் வாங்கினேன்.