அவிழ்த்துவிட்டால் எந்தக் கட்டுத்தரைக்குப் போகும்?

விவசாயிகளுக்குக் கடன் தரும் கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கு சூப்பர்வைசராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, சேலத்து ஆபீசில் மேலதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஊர்ல ரொம்ப நல்லவர்னு பேர் எடுத்தவனை முதல்ல சந்தேகப்படுங்க. மத்தவங்க அப்புறம்" என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள், விளைச்சலுக்கு விலையே இல்லாத காலம் அது.

பாங்கி என்றால் எல்லாம் ஒன்றல்ல. டவுன் பாங்கியில் வியாபாரியின் சரக்கைக் குடோனில் பூட்டி, சாவியை வாங்கிக்கொண்டு கடன் தருவார்கள். நிதிக் கம்பெனிகளில் நகையை அடகு கேட்பார்கள். வட்டிக்கடைக்காரர் தொகை எழுதாத புரோநோட்டில் ரேகை வாங்குவார். கிராமத்து நாணயச் சங்கம் வேறு மாதிரி. எங்கள் ஜில்லாக் கூட்டுறவுப் பாங்கி சங்கத்துக்குக் கடன் தரும். சங்கம் அங்கத்தினருக்குத் தரும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற எல்லார் நிலமும் அதற்குப் பொறுப்பு. ஆகவே ஒருவரையொருவர் கண்காணிப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வந்ததே இல்லை. பெரிய மனிதர் எதிரே யார் வாயைத் திறப்பார்கள்?

ராசிபுரத்துக்கு மேற்கே ஒரு சங்கம். கருப்பண்ணன் என்கிற சின்ன விவசாயி உழவு மாடு வாங்கக் கடன் எடுத்திருந்தார். சங்கத்து பிரசிடெண்டின் நிலத்தைத்தான் அவர் குத்தகைக்கு உழுதார். கடனைச் சொன்ன காரியத்துக்குச் செலவழித்தாரா என்று பார்ப்பது என் வேலை.

சாவடி முன்னால் அங்கத்தினர்கள் கூடியிருந்தார்கள். கருப்பண்ணன் ஒரு ஜோடி காளைகளைப் பிடித்து வந்தார். அருமையான மாடுகள். ஆனால் அவர் கைபட்டதும் மிரண்டன. வரும் வழியில் அவர் வீட்டை எட்டிப் பார்த்திருந்தேன். மாடு தண்ணி குடிக்கும் தாழி காய்ந்துகிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இது பினாமிக் கடன்: ரேகை ஏழையுடையது, பணம் பெரிய மனிதர் மடியில். கடைசியில் ஏலத்துக்குப் போவது கருப்பண்ணனின் இரண்டு ஏக்கர் சொந்த மேட்டுக்காடு.

"கயித்தை உடுங்க" என்றேன்.

"எதுக்குங்க சாமி?" கருப்பண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா, பாப்போம்."

காளைகள் இரண்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்தன. நாங்கள் பின்னாலேயே போனோம். பிரசிடெண்ட் வீட்டுக் கட்டுத்தரையில் போய் நின்று தாழியில் வாய் வைத்தன.

பிரசிடெண்ட் அசரவில்லை. சிரித்தார். "வேறெங்கீங்க போகும்? நான் கருப்பண்ணனுக்கு வித்த மாடுங்க அது. பழகுன எடம், வரத்தானுங்க செய்யும்."

அவர் சொல்வது பொய் என்று ஊருக்கே தெரியும். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. கருப்பண்ணன் சொல்லமாட்டார், சொன்னால் குத்தகை போய்விடும். அந்த ஆளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்போது கருப்பண்ணனின் சம்சாரம் பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, அப்ப வித்தது நெசந்தானுங்களே?"

"ஆமா. அதைத்தானே சொல்றேன்."

"பணம் பூராவும் வந்துருச்சுங்களா?"

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "வந்துருச்சு" என்றார்.

"அப்ப எங்க மாடு உங்க கட்டுத்தரையில நிக்கறது நல்லா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, பாவாயி இரண்டு கயிறுகளையும் கையில் பிடித்தார். "வாங்க சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று காளைகளிடம் சொன்னார். அவை நகரவில்லை. கருப்பண்ணன் பின்னால் போய்த் தட்டிவிட்டார்.

"எழுதிக்குங்க, மாடு கருப்பண்ணனுது. நாங்க அத்தனை பேரும் சாட்சி" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் நிலமும் அந்தக் கடனுக்குப் பொறுப்புத்தானே! நான் எழுதிக்கொண்டேன்.

குத்தகை நிலத்தை அடுத்த போகமே பிரசிடெண்ட் பிடுங்கிக்கொண்டார். கருப்பண்ணன் அந்தக் காளைகளை வைத்து ஊராருக்குக் கூலிக்கு ஏர் ஓட்டியே கடனைக் கட்டி முடித்தார்.

இளைய சூப்பர்வைசர்களுக்கு ஒன்று சொல்வேன். பொய்யைப் பொய்யென்று நிரூபிக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். பல நேரம் அது தேவையில்லை. நாலு பேர் முன்னால் அதை இன்னொரு தரம் சொல்லவையுங்கள். பிறகு சொன்னபடி நடக்கச் சொல்லுங்கள்.