முருங்கைக்காயோடு மூன்று நாள் விடுதலை

2025 ஓகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால், சிறு தூறல். யாழ்ப்பாண பஸ் என்னை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் மூவரும் விடுமுறைக்குச் சாவகச்சேரிக்குப் போயிருந்தார்கள். மூன்று நாள் ஒரு பிள்ளைச் சத்தமும் கேளாமல் கொழும்பைத் தனியே சுற்றிப்பார்க்க வந்திருந்தேன்.

போவதை இணுவிலில் வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. கொழும்புக்குப் போகிறவனை எங்களூரில் வெறுங்கையோடு விடமாட்டார்கள். அயல்வீட்டு அம்மா தன் மகளுக்கென்று முருங்கைக்காய்க் கட்டொன்றைத் தந்தார். இருபத்திரண்டு காய். கொடுத்துவிட்டுச் சுற்றுவோமென்று முதலில் அங்கே போனேன்.

கதவைத் திறந்த மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, கடவுள் மாதிரி வந்தியள்! பள்ளிக்கூடம் லீவு, இவனைப் பாக்கிற ஆளும் வரேல்லை. நான் கந்தோருக்குப் போகவேணும். மத்தியானம் மட்டும் பாக்கிறியளே?"

இவன் அவளுடைய மகன், ஐந்து வயது. அப்போதே என் பையைக் கிளறத் தொடங்கியிருந்தான்.

மத்தியானம் என்றது மாலையாயிற்று; இரவும் அங்கேயே தங்கினேன். சனிக்கிழமை நான் தனியே வெளிக்கிட, அவன் சப்பாத்தோடு வாசலில் நின்றான். ஞாயிறும் அப்படியே.

காலிமுகத்திடலில் நிற்கும்போது மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"என்ன, பிள்ளையள் இல்லாமல் நிம்மதியாச் சுத்துறியளோ?"

"ஓம், ஓம்."

"தாத்தா, பட்டம் அறுந்துபோச்சு!" என்று பக்கத்தில் அவன் கத்தினான்.

"ஆர் உவன்?"

"முருங்கைக்காய் குடுத்த இடத்திலை கிடைச்ச மிச்சக்காசு," என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இணுவில் முழுக்கக் கேட்டிருக்கும்.

போக வர பஸ், இரண்டு பட்டம், ஆறு ஐஸ்கிரீம், முச்சக்கரவண்டி, எல்லாமாக என் விடுதலைக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.