தலைப்பாகை கட்டிய இருவாச்சி

பாண்டுங் நகரில் பனியன் அச்சடிக்கும் கடைகள் நெருக்கியடிக்கும் சுச்சி வீதியில், நீனிங்கின் கடைக்கு நேர் எதிரே எங்கோஸின் கடை. இருவரும் ஒரே முதலாளியிடம் அச்சடிக்கும் வலைச்சட்டங்களைக் கழுவித் தொழில் கற்றவர்கள். அந்த நாளிலேயே முதலாளி எங்கோஸைப் பாராட்டினால் நீனிங்குக்குச் சோறு இறங்காது. பிறகு அவள் கல்யாணம் செய்து, கணவனை விட்டு வந்து, தனியாகக் கடை போட்டாள். அடுத்த வருஷம் எதிரிலேயே வந்து எங்கோஸும் போட்டான்.

அவனிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ரங்கோங் என்ற கணினி மொழியில் வேலை செய்யும் இளைஞர்களின் சங்கம். அந்த மொழியின் சின்னம் ஓர் இருவாச்சிப் பறவையின் தலை. ஆண்டுக் கூட்டத்துக்குப் பனியன் எப்போதும் அவளிடம்தான். ஒருமுறை சங்கத்துக் கிலாங், "இந்தப் படத்தை யார் வேணா எடுத்துக்கலாம் தெத்தே, உரிமத்துலயே இருக்கு" என்று அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். நீனிங் அதைப் பிடித்துக்கொண்டாள். பறவைக்கு அந்த ஊர்ச் சுந்தா இன ஆண்கள் கட்டும் பாத்திக் துணித் தலைப்பாகை ஒன்றை வரைந்து, பனியனில் அடித்து, வாசலில் தொங்கவிட்டாள். ஜகார்த்தாவிலிருந்து வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த ஆண்டு சங்கம் வரவில்லை. ஒரு காலை பார்த்தால், எதிர்க்கடைக் கொடியில் இருவாச்சிகள் காய்கின்றன.

"என்ன தெத்தே, முகம் ஏன் இப்படிக் கறுத்துப்போச்சு?" என்றாள் பாலா-பாலா என்ற காய்கறி பஜ்ஜி பொரித்து விற்கும் இமாஸ்.

"எனக்கென்ன? அங்க பாரு, அலகுல மஞ்சள் வெளிறிக் கிடக்கு."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"நாள் பூரா எண்ணெய்ப் புகையில நிக்கிற கண்ணு. எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

மஞ்சள் வெளிறவில்லை. அதுதான் அவளை அரித்தது.

கூட்டம் முடிந்த பிறகும் எங்கோஸ் அந்தப் பனியனைக் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்றான். நீனிங் வீதியைக் கடந்துபோய் அதைப் படம் எடுத்தாள். சின்னத்துக்கு உரிய அறக்கட்டளைக்குப் புகாரோடு அனுப்பினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்துக் கிலாங் வந்தான். மழையைப் பற்றிப் பேசினான். இமாஸின் மிளகாய்ச் சாந்தைப் புகழ்ந்தான்.

"வந்த விஷயத்தைச் சொல்லுடா."

"புகார் அனுப்பினீங்களாமே தெத்தே?"

"ஆமா. சின்னத்தை வச்சு யாவாரம் பண்றானே, யாரைக் கேட்டான்?"

"கேட்டாரு. கூட்டத்துக்கு லாபமில்லாம அடிக்க யாரையும் கேக்க வேண்டாம். கடையில விக்கத்தான் கேக்கணும். கங் எங்கோஸ் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிட்டாரு." அவனையும் 'கங்', அண்ணன், என்றுதான் சொன்னான்.

"யார் வேணா எடுத்துக்கலாம்னு நீதானே சொன்னே?"

"படத்தை நகல் எடுக்குறது வேற தெத்தே. அந்தப் பறவையைப் பார்த்ததும் இது ரங்கோங்காரங்க சரக்குன்னு நம்பி வாங்குறாங்கள்ல? அந்த நம்பிக்கைக்குத் தனி விதி. சின்னத்தை மாத்தக் கூடாது, கேக்காம விக்கக் கூடாது. நான் பாதிதான் சொல்லிட்டேன்."

அவள் அனுப்பிய படத்தையே பெரிதாக்கிக் காட்டினான். எங்கோஸின் அலமாரிக் கண்ணாடியில் அவள் வாசலின் பிம்பம். அதில் தலைப்பாகையோடு ஓர் இருவாச்சி.

"இது யாரோடதுன்னு அறக்கட்டளையில கேக்குறாங்க."

நீனிங்குக்குக் காது சுட்டது. "நான் இதை விக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். உங்க மனசு நோகுமேன்னு யாரும் வாயைத் திறக்கல. அதான் சத்தமில்லாம அங்க போயிட்டோம்."

இந்த ஊரில் அப்படித்தான். அவளே அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். எங்கோஸ் கேட்டிருக்கிறான், தனக்குக் கேட்கத் தோன்றவில்லை என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் பனியன்களை இறக்கினாள். பறவை இருந்த வலைச்சட்டத்தைக் கழுவ எடுத்தவள், தலைப்பாகையைப் பார்த்து நின்றாள். அது எவனுடைய சின்னமும் இல்லை. அவள் கை வரைந்தது. பறவை இருந்த இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, வெறும் தலைப்பாகையை அடித்துத் தொங்கவிட்டாள்.

எங்கோஸ் வாசலுக்கு வந்து வெகுநேரம் பார்த்தான்.

"நீனிங்! இது நீ வரைஞ்சதா? பிரமாதம். நானும் கொஞ்சம் அடிச்சுக்கட்டுமா?"

"எழுதிக் கேளுங்க கங். யோசிச்சுப் பதில் போடுறேன்."

எங்கோஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முடியாது என்பதை எத்தனை மரியாதையாக எழுதலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.