லிஸ்டுல பதினேழாவது ஆள்

கோர்ட்டு தாளைக் கொண்டுவந்த ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையானவங்க. செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல நின்னு, "கையெழுத்து போடுங்கம்மா"ன்னு கேட்டாங்க. ஏதோ பார்சல்னு நினைச்சு போட்டேன். பிரிச்சா முதல் பக்கத்துலயே தடி எழுத்துல, இந்த உத்தரவை மீறினா சிறைன்னு இருக்கு. அதுக்கப்புறம் படிச்சது ஒண்ணும் மண்டையில ஏறல.

கோலா சிலாங்கூர் டவுன்ல உரமும் களை மருந்தும் விக்கிற ஒரு கடையில பதினொரு வருஷம் வேலை செஞ்சேன். காரை எடுத்துக்கிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் தோட்டமா போய் ஆர்டர் பிடிக்கணும். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த மாசம் உரம் போடுவாங்க, யாரு கோவக்காரர், யாரை எந்த நேரத்துல கூப்பிடக்கூடாது, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல லிஸ்டா போட்டு வச்சதும் நான்தான். முதலாளிகூட சண்டை போட்டு வேலையை விட்டப்ப அந்த லிஸ்டை என் போனுக்கு அனுப்பிக்கிட்டேன். தப்புதான். இப்ப பொய் சொல்லி என்ன ஆகப்போவுது? நான் அலைஞ்சு சேர்த்தது, எனக்கில்லாத உரிமையான்னு ஒரு திமிர். தஞ்சோங் காராங்ல வேற உரக்கடையில சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல, பழைய முதலாளி கேஸ் போட்டு தாள் வந்துடுச்சு.

கிள்ளான்ல ஒரு வக்கீலைப் பிடிச்சேன். "ரெண்டு வருஷத்துக்கு இதே தொழில் செய்ய மாட்டேன்னு வேலைக்குச் சேர்ந்தப்ப நீங்க போட்ட கையெழுத்து நம்ம நாட்டுல நிக்காது. அதை நான் பார்த்துக்கிறேன். ஆனா லிஸ்டு வேற கதை, அது அவங்க ரகசியம். கேஸ் முடியிற வரைக்கும் அதுல உள்ள யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க"ன்னார். சரி சார்னு தலையாட்டிட்டு வந்தேன்.

அந்த லிஸ்டுல பதினேழாவது ஆள் அக்கா.

கூடப் பிறந்தவங்க இல்ல. புக்கிட் பெலிம்பிங்ல ஆறு ஏக்கர் செம்பனை வச்சிருந்தாங்க. புருஷன் போனபிறகு தனி ஆளா பார்த்துக்கிட்டாங்க, ஒரே மகள் ஜொகூர்ல. முதல் தடவை உரம் விக்கப் போனப்பவே, "விலையை அப்புறம் சொல்லு, முதல்ல சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டாங்க. அன்னைலேர்ந்து அக்காதான். ரெண்டு கிட்னியும் போனபிறகு வாரத்துல மூணு நாள் டவுன்ல டயாலிசிஸ். போற வழிதானேன்னு நானே காலையில ஏத்திட்டுப் போய் விடுவேன். நாலு வருஷம் அப்படித்தான். வழி முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே வருவாங்க, கார் குப்பையா இருக்காம்.

தாள் வந்த வாரம் அவங்க மூணு தடவை போன் அடிச்சாங்க. எடுக்கல. வாட்ஸாப்ல குரல் வந்துச்சு: "அடியே, வரியா இல்லையா? சொல்லிட்டா வேற வண்டி பார்ப்பேன்லா." கேட்டுட்டு போனைக் கவுத்து வச்சேன். ஏன் வரலன்னு சொல்றதே பேச்சு வச்சுக்கிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம்.

வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல. வாடிக்கையாளரைக் கார்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னா, பாரு, ஆளை வளைச்சு வச்சிருக்கான்னு எனக்கு எதிராவே சாட்சியா திருப்பிடுவாங்கன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஒரு சனிக்கிழமை காலையில அவங்களைப் பார்த்தேன். அவங்க ஊரு கம்பத்து முச்சந்தியில, பஸ் ஸ்டாப்புல, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க. என் காரைத் தூரத்துலயே அடையாளம் தெரிஞ்சு வலது கையைத் தூக்கினாங்க. முகம் முழுக்கச் சிரிப்பு. நான் நிறுத்தல. கண்ணாடியில பார்த்தேன், தூக்கின கை இன்னும் இறங்கல.

அதுக்கப்புறம் அவங்க போன் அடிக்கவே இல்ல.

மூணு மாசம் கழிச்சு அவங்க நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. அப்பவும் நான் எடுக்கல. பின்னாலயே செய்தி வந்துச்சு: 'சின்னம்மா, அம்மா தவறிட்டாங்க.' கூப்பிட்டது மகள்.

ஜெயில்னா ஜெயில்னு கிளம்பிட்டேன். ஹார்ட் நின்னுபோச்சு, தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு மகள் சொன்னா. "உங்களைக் குறை சொல்லவே இல்ல சின்னம்மா. அவளுக்குப் புது வேலை, என்னை வேற எதுக்குச் சுமக்கணும்னாங்க. உரம்தான் போடவே விடல. அவ வருவா, அவகிட்டதான் வாங்குவேன்னு பிடிவாதம்." கோர்ட்டு ஆர்டர்னு பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எப்படிச் சொல்றது? அழுதேன். ஊரே பார்க்க அழுதேன்.

அப்புறம் வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வச்சுட்டார். "வியாபாரத்துக்காகத் தொடர்பு வைக்கக்கூடாதுன்னுதாம்மா ஆர்டர்ல இருக்கு. ரெண்டாம் பக்கத்துல இருக்கு. தாராளமா கூட்டிட்டுப் போயிருக்கலாமே. அப்பவே ஏன் கேட்கல?" ஏன் கேட்கல. இதைத்தான் நானும் தினம் என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

போன மாசம் கேஸ் சமாதானமா முடிஞ்சுது. லிஸ்டைத் திருப்பிக் கொடுத்து, போன்ல அழிச்சு, அதுல உள்ள எதையும் வாழ்நாள் முழுக்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பின்னால கோத்த லிஸ்டோட ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போடணும். அக்கா இருந்த பக்கம் வந்தப்ப, நான் முன்னாடி எழுதி வச்ச குறிப்பைப் படிச்சேன். அதுவும் இப்ப கடையோட ரகசியமாம். கையெழுத்து போட்டேன்.

அதுல இருந்தது இதுதான்: செவ்வாய், வியாழன், சனி காலையில கூப்பிடாதே. தண்ணி அளவு உண்டு, டீ அரை கிளாஸ்தான், சர்க்கரை வேணாம். இடது கையில டயாலிசிஸ் ஊசி போடுவாங்க, கார்லேர்ந்து இறக்கும்போது அந்தக் கையைப் பிடிக்காதே.

சொல்லிட்டேன். வேணும்னா இன்னொரு கேஸ் போடட்டும்.