முடிக்காத விளையாட்டைப் பற்றி எழுதாதவர்

ஜெறோம் இறந்த செய்தி எனக்கு ஒரு பின்னூட்டமாக வந்தது. இணையத்தில் எங்கள் வீடியோ கேம் விமர்சனப் பக்கத்தில், பழைய பதிவொன்றின் கீழ், கனடாவில் இருக்கும் ஒருவர் "ஆத்மா சாந்தியடையட்டும் அண்ணா" என்று எழுதியிருந்தார். நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் வாசகர்கள் ஜெறோமைச் சாகச் சொல்லி எழுதுவது புதிதல்ல. தங்களுக்குப் பிடித்த விளையாட்டை அவர் குறை சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள். இதுவும் அந்த வகை என்று நினைத்து அதை அழித்தேன். எழுதியவரையும் தடுத்துவிட்டேன். செருப்பை மாட்டும்போது ஜெறோமின் மனைவி ஜசிந்தாவின் அழைப்பு வந்தது. "ரீச்சர், அவர் விடியப்புறம் போயிட்டார்" என்றாள். கனடாக்காரர் ஜெறோமின் சித்தப்பா மகனாம். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஜெறோமை எழுத்தில் மட்டும் அறிந்தவர்கள். அவர் ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில், மீனவர்களிடம் நண்டு வாங்கும் வாடிக் கொட்டகையொன்றில் தராசடியில் நின்று நிறுத்தவர். வேலை முடிந்து வந்து குளித்ததும் தொலைக்காட்சியோடு இணைத்த கேம் மெசினுக்கு முன்னால் உட்காருவார். வாளால் வெட்டுவது, துவக்கால் சுடுவது, பூதத்தோடு மல்லுக்கட்டுவது என்று அதிரடி விளையாட்டுகள்தான் அவருடைய துறை. விளையாடி முடித்ததும் அதைப் பற்றித் தமிழில் எழுதுவார். நான் மன்னார் நகரில் தமிழ் படிப்பிக்கிறவள், உப்புக்குளத்தில் வீடு. ஜசிந்தா என் பழைய மாணவி. அந்த உரிமையில் ஒருநாள் புருசனையும் அவர் எழுதிய விமர்சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து அரைவாசியை வெட்டினேன். ஜெறோம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், பிழையைத் திருத்துங்கோ. கோபத்தைத் திருத்தாதேங்கோ" என்றார். வளர்ந்த மனிதர் இப்படியா நேரத்தைக் கொல்வது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தன் கோபத்துக்காக வாதாட வந்த ஒருவரை அதற்கு முன் என் வீட்டுக் கதிரையில் நான் கண்டதில்லை. அன்று முதல் அவர் எழுதியதையெல்லாம் நானே திருத்தினேன். பின்னூட்டங்களைக் கவனிக்கும் வேலையும் மெல்ல மெல்ல என் தலையில் விழுந்தது.

அவருடைய விமர்சனம் எதுவும் கதையில் தொடங்காது. விளையாட்டை எந்தெந்த இடத்தில் சேமித்துவைக்கலாம் என்பதில்தான் தொடங்கும். நினைத்த இடத்தில் சேமிக்க முடியுமா, அல்லது அடுத்த பெரிய சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? இலண்டனிலிருந்து ஒருவர், "அண்ணே, நீங்கள் விளையாட்டைப் பற்றி எழுதுகிறீர்களா, மின்சார சபையைப் பற்றி எழுதுகிறீர்களா?" என்று கேட்டிருந்தார். நானும் சிரித்தேன். ஜெறோம் சிரிக்கவில்லை. "அவைக்குக் கரண்ட் போறேல்லை ரீச்சர். எங்கட பிள்ளையள் பூதத்தை முக்கால்வாசி கொல்லேக்க கரண்ட் போனா, திரும்ப முதலில இருந்து அடிக்கோணும். அதை ஆர் அதுகளுக்குச் சொல்றது?" என்றார். மழைக்காலத்தில் அவருடைய பக்கத்தைப் பார்த்துவிட்டே விளையாட்டு வாங்கினோம் என்று பேசாலையிலிருந்தும் முருங்கனிலிருந்தும் செய்தி வரும். அப்படி ஒரு செய்தி வந்துவிட்டால் அன்று முழுக்க ஆளைப் பிடிக்க முடியாது.

சத்தத்தைப் பற்றியும் எழுதுவார். ஒருநாள் துவக்குச் சண்டை விளையாட்டொன்றை விளையாடும்போது காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் வயர் கழன்றுவிட்டது. வெடிச் சத்தம் முழுவதும் தொலைக்காட்சி வழியாக வெளியே வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வன்னியிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்தவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, மதிலோரமாகக் குப்புறப் படுத்துவிட்டார். ஜெறோம் போய் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் திரும்பிக் கதைக்கவே இல்லை. அதற்குப் பிறகு வந்த விமர்சனங்களில், வெடிச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்க முடியுமா என்ற வரி தவறாமல் இருக்கும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்த வரி எதற்கென்று விளங்கியிருக்காது.

ஆனால் அவரை அவராக வைத்திருந்தது வேறொரு பிடிவாதம். கடைசிக் காட்சிவரை விளையாடி முடிக்காமல் ஒரு சொல்லும் எழுதமாட்டார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் பழைய டிஸ்க்கை நம்பியிருந்தவர் அவர். உலகம் முழுக்க ஒரு விளையாட்டைப் புகழ்ந்து ஓய்ந்த பிறகுதான் அது மன்னார் பஸ் நிலையத்தில் திரியும் கழுதைகளுக்கு நடுவே வந்திறங்கும். நான் அவசரப்படுத்துவேன். "பாதி விளையாடியதை வைத்து எழுதினால் என்ன? ஆரம்பமே நல்லது கெட்டதைக் காட்டிவிடாதா?" என்று கேட்டேன். "முன்பாதியை எல்லாரும் வடிவாத்தான் செய்வினம் ரீச்சர். காசு குடுத்து வாங்கினவனைக் கடைசியில என்ன செய்யினம் எண்டுதான் பாக்கோணும்" என்றார். அப்படி எல்லோரும் கொண்டாடிய ஒரு விளையாட்டின் கடைசிப் பகுதியில், பழைய அறைகளையே திரும்பவும் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எழுதினார். அவருக்கு விழுந்த வசவுகளை அழித்தே என் சனி ஞாயிறு போனது. அவரோ அடுத்த டிஸ்க் வாங்குவதற்காக அந்த விளையாட்டை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

பிறகு அவருக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் காட்டினார். இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தம் சுத்திகரிப்பதற்காக இடது கை இரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பின் இடது பெருவிரல் மரத்துப்போய்விட்டது. கொன்ட்ரோலர் பிடித்தவர்களுக்குத் தெரியும், ஆளை நடக்க வைப்பதும் ஓட வைப்பதும் இடது பெருவிரல்தான். "இப்ப என்னால அடிக்கலாம் ரீச்சர். ஓடேலாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தராசடி வேலையும் அதோடு போயிற்று.

அந்த நாட்களில் எழுதிய விமர்சனங்களில் பொத்தான்களைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. எந்த விளையாட்டில் பொத்தான்களை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், எதில் முடியாது என்று பத்தி பத்தியாக எழுதினார். எளிய நிலையில் விளையாடுகிறவர்களைக் கிண்டலடித்து வந்தவர், "இதை நான் எளிய நிலையில் விளையாடினேன்" என்று முதல் வரியிலேயே போட்டார். உங்களுக்கு அது பெருவிருந்து. கிழவன் ஆகிவிட்டார் என்றீர்கள், விளையாடத் தெரியாதவன் எழுத வந்துவிட்டான் என்றீர்கள். சிறுநீரக வருத்தத்தைச் சொல்லிவிடலாம் என்று அவரிடம் கெஞ்சினேன். "வேண்டாம். சொன்னா பாவம் பாத்து நல்லாயிருக்கு எண்டுவினம். அதைவிடத் திட்டட்டும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்கிறேன், சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

கடைசியாக அவர் எடுத்த விளையாட்டு, எரிந்துபோன ஒரு நகரத்தைத் தனியொருத்தி மீட்கப் போகும் கதை. சிறுநீரகம் கொடுக்க முன்வந்த அண்ணனுடையது பொருந்தாது என்று வைத்தியர்கள் சொன்ன கிழமை அது. வேறு வழி இருக்கிறதா என்று ஜெறோம் யாரிடமும் கேட்கவில்லை. இதை மட்டும் முடித்து எழுதிவிட வேண்டும் என்பதில் பிடியாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விளையாடிக் கடைசிச் சண்டைவரை வந்துவிட்டார். அங்கே ஓடாமல் ஒன்றும் செய்ய முடியாது. நின்ற இடத்தில் நின்று அடித்தால் நொடியில் சாவு. செத்துச் செத்து அலுத்துப்போய் ஒருநாள், "ஜசி, இஞ்ச வா. நீ இடது பக்கத்தைப் பிடி" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஒரு பின்னேரம் நான் போனபோது இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஒரே கொன்ட்ரோலரைப் பிடித்திருந்தார்கள். ஓடுவது ஜசிந்தாவின் வேலை, வெட்டுவது அவருடைய வேலை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளை அவள். பூதம் கையை ஓங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இடதுக்கு, ஜசி! இடதுக்கு!"

"இடதுக்குத்தான் போறன், அதில சுவர் நிக்குதே!"

"சுவரைச் சுத்திப் போவன்!"

"கத்தாதேங்கோ, கத்தினா கை நடுங்குது!"

நான் வாசலிலேயே நின்று வயிறு நோகச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் கடைசி. நாளாக நாளாக ஜசிந்தா கண்ணைத் திறந்துகொண்டே ஓடப் பழகிவிட்டாள். திரையில் பூதத்தின் உயிரைக் காட்டும் கோடு பாதியானது, கால்வாசியானது. ஒருநாள் பூதம் மயிரிழையில் தப்பியது. "ரெண்டு பேர் சேந்து முடிச்சா முடிச்சதாச் சேருமா ரீச்சர்?" என்று கேட்டார். ஓம், சேரும் என்றேன். "அப்ப ரெண்டு பேரின்ர பேரையும் போடுவம்" என்றார். அடுத்த நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர்தான், திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் அவரைப் பார்க்கப் போனபோது எங்கள் பக்கத்தில் வந்திருந்த கேள்விகளை வாசித்துக் காட்டினேன். விமர்சனம் எப்போது வரும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். மிச்சம் ஒரு சண்டைதான், அதை இணையத்தில் வேறு யாரோ விளையாடிப் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். அவர் ஆசைப்பட்ட ஒன்றாவது நடக்கட்டும் என்றிருந்தது எனக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தது விளையாடினதாகாது" என்றார். பிறகு, "முடிக்கேல்லை, அதால எழுதேல்லை எண்டு மட்டும் போடுங்கோ" என்றார். அப்படியே போட்டேன். அதன் கீழ் வந்த முதல் பின்னூட்டம் ஒரு சிரிப்புப் பொம்மை. அதையும் அவர் பார்த்தார்.

செத்த வீட்டுக்கு வந்த ஒருவர், விளையாட்டில் செத்தவர்கள் மறுபடி எழும்புவதுபோல ஜெறோமும் எழுதியவற்றில் எழும்புவார் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எரிச்சலாக இருந்தது. அவர் எழும்பமாட்டார். அந்த எழுத்தைக்கூட எத்தனை பேர் தேடி வாசிக்கப்போகிறார்கள்? அடுத்த விளையாட்டு வரும்போது அதை எங்கே சேமிக்கலாம் என்று பேசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. பக்கத்தை நான் நடத்த முடியாது, நான் விளையாடியதில்லை. நாம் முடித்துவிடுவோமா என்று ஜசிந்தாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "வெட்டுறதுக்கு ஆள் இல்லை ரீச்சர்" என்றாள்.

இந்த அஞ்சலியைத் தொடங்கியபோது, ஜெறோம் அமைதியாகப் பிரிந்தார் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், கோயில் பங்குச் சுவாமியும் பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார். எழுதிய பிறகு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் அங்கே இருக்கவில்லை. ஜெறோமிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்த முள் ஒன்றுதான்: கடைசிவரை இருக்காதவள் முடிவைப் பற்றி எழுதக் கூடாது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், கடைசிவரை இருந்தவளிடம் போய்க் கேட்டேன். எழுதட்டுமா என்றும் கேட்டேன். "உள்ளதை எழுதுங்கோ" என்றாள். ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

"அமைதியாப் போகேல்லை ரீச்சர். நல்லாப் பயந்தவர். எனக்கு இன்னும் இருக்கோணும், இன்னும் இருக்கோணும் எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர். நான் ஓம், ஓம் எண்டுகொண்டே இருந்தனான்."