நிமிர்ந்து நுழையும் வீடு

சசிகலாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. கல்யாணமாகி வந்த அன்றே கணவன் சடையன் வீட்டு வாசல் நிலை கொடுத்த சீர் அது. ஜவ்வாது மலையில் அவ்வளவு உயரமான பெண் அபூர்வம். புல் வேய்ந்த வீடுகளோ காற்றுக்கும் மழைக்கும் பயந்து கூரையைத் தாழ இறக்கிக்கொண்டவை. "கொக்கு வருது, வழி வுடுங்க" என்று கேலி பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சடையன் அவள் தோள் உயரம்தான் இருந்தான். ஒரு நாளும் குனிந்து நுழைந்தவனில்லை. அதனால் அவளுடைய கஷ்டம் அவனுக்குக் கஷ்டமாகவே படவில்லை.

புது வீடு கட்டும் பேச்சு வந்ததும் அவள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முன்சுவர் உயரம், பின்சுவர் தாழ்வு, மேலே பின்பக்கமாக லேசாகச் சரிந்த ஒரே தளம். போளூரிலிருந்து வந்திருந்த ராஜாக்கண்ணு மேஸ்திரி உற்றுப் பார்த்தார்.

"கட்டலாம்மா. தண்ணி ஓடுற அளவுக்கு வாட்டம் வுட்டாப் போதும். பின்னால ஒரு குழாய் வெச்சா எல்லாம் அதுல எறங்கிடும்."

சடையனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "இன்னா கூரை இது, படுத்துக்கினு கெடக்குது? ஒரு சொட்டு ஒழுகட்டும், மேல புல்லு வேய்ஞ்சு பழையபடி வாசல் வரைக்கும் தாழ எறக்கிடுவேன்."

"செய்ங்க" என்றாள். சொல்லிவிட்டுப் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டாள். மறுபடியும் வாழ்நாள் முழுக்கக் குனியவேண்டுமே!

வீடு எழும்பியது. சரிவு குறைவாக இருந்ததால் மேலே சாமை காயப்போட முடிந்தது. அதில் அவளுக்குப் பெருமை தாளவில்லை. ஆனால் பாறையில் காயவைத்தே பழகிய கை. அள்ளியது போக மிச்சத்தைக் குருவியும் காற்றும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. பாறைக்குக் குழாய் கிடையாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. சடையன் நடுவீட்டில் அண்ணாந்தபடி உட்கார்ந்துவிட்டான். மழை வலுத்தும் பின்னால் குழாய் கொட்டுகிற சத்தம் கேட்கவில்லை. சசிகலாவுக்குச் சுருக்கென்றது. பின்சுவர் ஓரமாகத் தளத்தின் அடிப்பக்கம் ஈரம் படர ஆரம்பித்திருந்தது. அவன் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஓடினாள். ஏணியைத் தேடவில்லை. குதிகாலை உயர்த்தி, கையை நீட்டி, குழாய்க்குள் விரல்விட்டு ஊறிப்போன சாமையையும் உமியையும் கொத்தாகப் பிடுங்கினாள். தேங்கிய தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பினால், பின்வாசலில் சடையன்.

"சொட்டலைங்க, ஈரம்தான்" என்றாள் அவசரமாக.

அவன் துண்டை நீட்டினான். பிறகு குழாயை நோக்கித் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். நடுவே ஒரு முழம் இருந்தது.

"புல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே நல்லாக் கூட்டிட்டு எறங்கு. இது அடைச்சிக்கினா எனக்கு எட்டாது."

எட்டாது என்று அவன் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பின்வாசல் பக்கத்திலேயே இருந்தும், சசிகலா மழையில் சுற்றிக்கொண்டு உயரமான முன்வாசலுக்குப் போய் நிமிர்ந்தபடி உள்ளே நுழைந்தாள்.