எஸ்தர் அக்கா பதில் சொல்லியிருந்தார்

செவ்வாய்க்கிழமை காலை மணவாள நகரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் தங்கை போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க தம்பி. மிஷினாண்டையே வுழுந்துட்டாங்க. நெஞ்சுவலின்றாங்க." கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் பிரஸ் தொழிற்சாலையில் அவரோடு ஒரே ஷிப்டில் நின்ற உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர் கேட்டும் கிடைக்காத இடமாற்றத்தில் என் பங்கு என்ன என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

நான் கருவியியல் டிப்ளமோ படித்தவன். ஒரு கல்லூரியின் உளவியல் துறையில் கருவி மாட்டுவது என் வேலை. மனிதர்கள் பயத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அங்கே அளக்கிறார்கள். திரையில் மஞ்சள் கட்டம் வந்தால் சில முறை மணிக்கட்டில் லேசாக ஷாக் அடிக்கும். பச்சைக் கட்டம் வந்தால் அடிக்கவே அடிக்காது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளைப் பார்த்ததுமே கை வியர்க்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தில் தோல் கூடுதலாக மின்சாரம் கடத்தும். திரையில் கோடு ஏறும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம்தான் கற்ற பயத்தின் அளவு. ஷாக் வருமென்று எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று வாயாலும் பத்துக்கு ஓர் எண் கேட்போம்.

விபத்தில் அடிபட்டவர்களை அளக்க உங்கள் கேன்டீனில் மேசை போட்டோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மின்முனை ஒட்ட வேண்டும். எஸ்தர் அக்கா வந்து உட்கார்ந்ததும் இடது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். "அந்த ரெண்டையும் பிரஸ்ஸு வாங்கிக்கிச்சு தம்பி. வேற இன்னா விரலு வோணும், சொல்லு." பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவசரம். வலது கையின் அதே இரண்டு விரல்களில் ஒட்டினேன். பன்னிரண்டு வருஷம் தகட்டையும் தின்னரையும் தொட்டுக் காய்த்துப்போன விரல்கள் அவை. கோடு அசையவே இல்லை.

வாய் அசைந்தது. மஞ்சளுக்கு எட்டு என்றார். பச்சைக்குப் பத்து.

"பச்சைக்கு ஷாக்கே வராதுக்கா."

"உன் டப்பாவுல வராது. பச்ச எரிஞ்சா கைய வெக்கலாம்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. பச்ச எரிஞ்சுக்கினு இருக்க சொல்லதான் என் விரலு போச்சு."

தோலின் கோடு அசையாதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எங்கள் விதி. வாய் சொன்னதைத் தனியாகக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. இரண்டு சொற்கள் எழுதினேன்: பதில் இல்லை.

இடம் கொடுத்ததற்குக் கைமாறாக நிர்வாகம் ஓர் அறிக்கை கேட்டிருந்தது. பெயர் வெளியே போகாது என்று ஒப்புதல் தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம். பெயர் போகவில்லை. 'பிரஸ் பிரிவு, பெண், இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை, பதில் இல்லை' என்று போனது. எவ்வளவு யோக்கியமான வேலை, பாருங்கள். பிரஸ் முன்னால் நிற்கப் பயமாக இருக்கிறது, பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று அவர் கொடுத்திருந்த மனு அந்த வாரமே திரும்பி வந்தது. காரணம், பரிசோதனையில் பயம் இல்லை எனத் தெரிகிறதாம். எங்கள் அறிக்கையின் நகலையும் கூடவே கோத்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். "பதிலு இல்லன்னு போட்டுக்கிறியே நைனா. நான்தான் சொன்னேனே. நீதான் கேக்கல." என் பேனாவை வாங்கினார். மூன்று விரல் கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு மேலே 'கேக்கல' என்று எழுதினார்.

பேராசிரியரிடம் போனேன். "பயம் இல்லை என்று நாம் எங்கே சொன்னோம்? அவர்கள் தப்பாகப் படித்தால் நாம் என்ன செய்வது?" என்றார். ஆய்வு முடியும்வரை கடிதமும் தர முடியாதாம். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். தோல் காய்த்திருந்தால் கருவி எதையும் காட்டாது, கருவி காட்டவில்லை என்பதற்குப் பயம் இல்லை என்று பொருள் கிடையாது என்று எழுதியிருந்தேன். மனிதவள அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "சீல் எங்க சார்?"

கேட்டுக்கு வெளியே காத்திருந்த அக்கா சொன்னார்: "வுடு தம்பி. கை வேர்த்தாதான் பயமாம். நாளைக்கு ஒரு பக்கெட்டுல கைய நனைச்சுக்கினு போறேன்." அன்றைக்கும் நான் சிரிக்கவில்லை.

பயத்தால் இறந்தார் என்று சொல்ல மாட்டேன். அதை நான் அளக்கவில்லை. கடைசி நாளும் அதே பிரஸ் முன்னால், அதே பச்சை விளக்கின் கீழே நின்றார் என்று சொல்லக் கருவி தேவையில்லை. அடக்கத்துக்கு நிர்வாகம் அனுப்பிய மாலையில் 'அஞ்சாத உழைப்பாளி' என்று ஓர் அட்டை தொங்கியது. அதைப் பிய்த்தது யார் என்று விசாரிக்கிறார்களாம். நான்தான்.

அவர் திருத்திய தாள் என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து கோடு அசையாத ஆள் யார் வந்து உட்கார்ந்தாலும் 'கேட்கவில்லை' என்றுதான் எழுதுகிறேன். விதிமுறையில் அப்படி ஒரு சொல் இல்லை என்று பேராசிரியர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் மூன்றாவது முறையும் அதையே எழுதிக் கொடுத்தேன்.